இன்டர்னல் 8, எழுத்தில் 25 எடுத்தால் பிளஸ் டூ பாஸா? அரசுப் பள்ளியை முடித்து வெளியே வர என்னென்ன வேண்டும்

புதுவயல் வள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். கணக்குப்பதிவியல் பாடத்தில் இன்டர்னல் 8 வாங்கிய பிளஸ் டூ பையன் ஒருவன் "எழுத்துத் தேர்வில் 25 எடுத்தால் போதும், பாஸ்" என்கிறான். கூட்டாளிகளும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே பத்தாவது, பிளஸ் டூ இரண்டுக்கும் மதிப்பெண், வருகை, சான்றிதழ் என்று பள்ளியை முடிக்க வேண்டியதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் புதுவயல், கண்டனூர், சாக்கோட்டை பக்கத்துப் பெற்றோர் எல்லாருக்கும் பயன்படும்.

கல்லல் கணக்கு:

போதாது, அக்கா. அந்தப் பையன் 25 எடுத்தால் 33-ல் நின்று ஃபெயில் ஆவான். அவனுக்கு 27 வேண்டும்.

பிளஸ் டூவில் ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. பிராக்டிகல் இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, இன்டர்னல் 10. தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு எல்லாம் இந்த வகை. இதில் இரண்டு நிபந்தனையும் ஒருசேர நிறைவேற வேண்டும்: எழுத்தில் குறைந்தது 25, இன்டர்னலையும் கூட்டினால் குறைந்தது 35. பிள்ளைகள் முதல் நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இன்டர்னல் முழுசாக 10 வாங்கியவனுக்குத்தான் 25 கணக்கு பொருந்தும். 8 என்றால் 27, 6 என்றால் 29. இன்டர்னலில் விட்ட ஒவ்வொரு மார்க்கையும் எழுத்தில்தான் ஈடுகட்ட வேண்டும்.

பிராக்டிகல் உள்ள பாடங்களில் எழுத்து 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் இப்படி. இங்கே எழுத்தில் குறைந்தது 15, மொத்தம் 35. பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்த்து முழு 30 கையில் இருந்தால் எழுத்தில் 15 போதும். அதே பிள்ளை எழுத்தில் 14 எடுத்தால் கூட்டல் 44 வரும், ஆனாலும் ஃபெயில்தான். ரிசல்ட் வந்த அன்று "44 எடுத்தும் ஏன் ஃபெயில்" என்று பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு விடை இதுதான். மறுபக்கமும் உண்டு. பிராக்டிகல் 12, இன்டர்னல் 6 என்று 18-ஓடு நிற்பவனுக்கு 15 போதாது, 17 வேண்டும்.

பத்தாவதில் இன்டர்னல் கிடையாது. ஐந்து பாடம், 500 மார்க், ஒவ்வொன்றிலும் 35. அறிவியல் மட்டும் எழுத்து 75, செய்முறை 25 என்று பிரிந்திருக்கும். எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்.

பள்ளத்தூர் வேதியியல்:

கணக்கு சார் சொன்னதோடு இன்டர்னல் 10 எப்படி வருகிறது என்பதையும் சேர்க்கிறேன். ஆசிரியர் மனசுக்குப் பிடித்தால் போடுகிற மார்க் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வருகைக்கு 2, பள்ளியில் நடக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2.

வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 2 மார்க். 75-லிருந்து 80 வரை 1. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, தேர்வு எழுத அனுமதியே கேள்விக்குறியாகிவிடும். பள்ளி வேலை நாள் 200 என்று வைத்துக்கொண்டால் 160 நாளைத் தாண்டி வந்தால்தான் அந்த 2 மார்க். அதாவது வருஷம் முழுதுக்கும் 40 நாளுக்குள்தான் விடுப்பு எடுக்க முடியும். காய்ச்சல், கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் நீண்ட நாள் வராமல் இருந்தால் மருத்துவச் சான்றை அந்த வாரமே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் கொண்டுவந்து நீட்டினால் ஹெச்.எம். என்ன செய்ய முடியும்?

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த நாட்கள் திருப்புதல் தேர்வும் பிராக்டிகலுக்கான தயாரிப்பும் நடக்கிற சமயத்தில் வந்து விழும். வேண்டுதல் பெரிதுதான், மறுக்கவில்லை. பிள்ளை அந்த வருஷம் பிளஸ் டூ என்றால் வீட்டில் மற்றவர்கள் நடக்கட்டும். திருப்புதல் தேர்வை விட்டால் தேர்வுகளுக்கான 4 மார்க்கிலும் ஓட்டை விழும், வருகையிலும் விழும்.

அடுத்து பிராக்டிகல். அதற்கு வராத பிள்ளை எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் அந்தப் பாடத்தில் தேர்ச்சி இல்லை. ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து முழுசாக இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஒரே மூச்சாக எழுதிய ரெக்கார்டு பார்த்தவுடனே தெரியும்.

வேதியியலில் பருமனறி பகுப்பாய்வில்தான் (டைட்ரேஷன்) நிறைய மார்க் போகிறது. பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் எடுத்த 20 மில்லி கரைசல், அதோடு அதே அளவு நீர்த்த கந்தக அமிலம். ஒருசில பிள்ளைகள் அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடுகிறார்கள். பெர்மாங்கனேட் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்யும். அதனால் பியூரெட் அளவு கூடுதலாக வரும், விடை தப்பும். இன்னொன்று, பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல், கீழ்ப்பிறை, அதாவது கரைசலின் வளைந்த மேற்பரப்பின் அடி விளிம்பு, கண்ணுக்குத் தெரியாது. மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவு குறிக்க வேண்டும். முதல் அளவீட்டில் மேல் விளிம்பு, அடுத்ததில் கீழ் விளிம்பு என்று மாற்றிப் பார்த்தால் ஒத்த அளவீடு எப்படிக் கிடைக்கும்? முடிவுநிலை என்பது குலுக்கியும் மறையாமல் நிற்கிற வெளிர் இளஞ்சிவப்பு. அடர் ரோஜா நிறம் வந்துவிட்டால் தாண்டிப் போயாச்சு. அந்தக் குடுவையைக் கொட்டிக் கழுவி, திரும்ப 20 மில்லி எடுத்துச் செய்யுங்கள். தேர்வு நேரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

தேவகோட்டை ரஸ்தா:

மதிப்பெண்ணை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளி அலுவலக வேலை தெரிந்தவன் என்ற முறையில் பெயர் விஷயத்தைச் சொல்கிறேன். செட்டிநாட்டுப் பக்கம் மதிப்பெண் சான்றிதழில் வருகிற சிக்கலில் பெரும்பங்கு இனிஷியலில்தான்.

இங்கே தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தாக நிற்பதில்லை. ராம., சித., அரு., பழ., மெய். என்று எழுதுவோம். தாத்தா பெயரும் சேர்ந்து இரண்டு மூன்று தலைப்பெழுத்து வரும் குடும்பங்களும் உண்டு. ராமநாதன் மகன் என்றால் ஆங்கிலத்தில் வீட்டார் ஆர்.எம். என்று போடுவார்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில், பதிவேற்றியவர் ஆர். என்று மட்டும் போட்டிருப்பார். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. இப்படி நான்கு ஆவணத்தில் நான்கு பெயர். பள்ளியில் படிக்கும் வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். கல்லூரிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வங்கிக் கடன் என்று போகும்போது ஒவ்வொரு கவுன்டரிலும் கேட்பார்கள்.

பெயரெழுத்தும் அப்படித்தான். நம் பக்கம் லெட்சுமணன், லெட்சுமி என்று எழுதுவதுதான் வழக்கம். எமிஸில் லட்சுமணன் ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அது இன்னும் மூன்று விதமாக மாறும்.

பெயர் போகிற வழியைத் தெரிந்துகொண்டால் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும். பிறப்புச் சான்றிதழிலிருந்து பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அதிலிருந்து எமிஸ், எமிஸிலிருந்து நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்), அதிலிருந்து ஹால் டிக்கெட், கடைசியாகச் சான்றிதழ். பத்தாவது நாமினல் ரோல் தயாராகும்போது பள்ளியில் ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பெற்றோர் கையெழுத்து வாங்குவார்கள். அதைத்தான் பலபேர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், இரண்டிலும் தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், புகைப்படம், முதல் மொழி, பயிற்று மொழி. கடைசியாகச் சொன்ன பயிற்று மொழியை யாருமே பார்ப்பதில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அங்கே ஆங்கில வழி என்று விழுந்திருந்தால் பின்னால் பெரிய இழப்பு.

பத்தாவது சான்றிதழில் என்ன பெயரோ அதுதான் பிளஸ் டூவிலும் தொடரும். ஆகவே பத்தாவது நாமினல் ரோல் முடிவாவதற்குள் திருத்தினால் பள்ளி அளவிலேயே வேலை முடிந்துவிடும். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு என்றால் ஹெச்.எம். வழியாக முதன்மைக் கல்வி அலுவலகம், அங்கிருந்து சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை ஆவணங்களோடு விண்ணப்பம் போக வேண்டும். பெரியவனான பிறகு அரசிதழில் பெயர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பள்ளிச் சான்றிதழில் பழைய பெயர் அப்படியே இருக்கும். அரசிதழையும் சான்றிதழையும் ஆயுசுக்கும் சேர்த்தே காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சுவீகாரம் போன பிள்ளை என்றால் அப்பா பெயரும் இனிஷியலும் மாறும். பதிவு செய்த சுவீகாரப் பத்திரத்தோடு ஒன்பதாவதிலேயே பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்தாவது வரை தள்ளிப்போட வேண்டாம்.

ராயவரம் மெய்யர்:

தேவகோட்டை அண்ணன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். செட்டிநாடு என்றாலே எல்லாரும் சிவகங்கை முதன்மைக் கல்வி அலுவலகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ராயவரம், கோனாபட்டு, ராமச்சந்திரபுரம், பொன்னமராவதி பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடி எங்களுக்குப் பக்கம்தான், பஸ்ஸும் அங்கேதான் போகும், ஆனால் விண்ணப்பம் அங்கே செல்லாது. பிள்ளை படித்த பள்ளி எந்த மாவட்டமோ அந்த மாவட்ட அலுவலகம்தான் கணக்கு, வீடு எங்கே என்பது கணக்கில்லை.

கோட்டையூர் தம்பி:

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இன்னும் இருக்கிறதா, இல்லையா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பிளஸ் ஒன்னில் அரியர் வைத்திருப்பவர்கள் நிலை என்ன?

கல்லல் கணக்கு:

தம்பி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025-26 முதல் அது இல்லை. இப்போது பிளஸ் ஒன் பள்ளி அளவிலான தேர்வு மட்டும்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதி அரியர் வைத்தவர்களுக்கு அது தானாகக் கழிந்துவிடாது. எழுதித் தேறியே ஆக வேண்டும். பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் பாஸ் செய்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஒரு பாடம் நிற்பதால் மேல்படிப்புக்குப் போக முடியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரியர் தேர்வுக்கான அறிவிப்பு வந்ததும் படித்த பள்ளியிலேயே போய்க் கேட்க வேண்டும்.

பொதுத்தேர்வு போனது பிள்ளைகளுக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டுப் பிளஸ் டூ கணக்கில் நிற்க முடியாது. வகை நுண்கணிதம் பிளஸ் ஒன்னில் அறிமுகம் ஆகிறது. அது தெரியாதவன் பிளஸ் டூவில் தொகை நுண்கணிதத்தில் முதல் பயிற்சியிலேயே தடுமாறுவான்.

புதுவயல் வள்ளி:

சார், பத்தாவது கணக்குதான் இங்கே நிறையப் பிள்ளைகளுக்குப் பயம். ரொம்பப் பின்தங்கிய பிள்ளை 35-ஐத் தொட வழி என்ன?

கல்லல் கணக்கு:

வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தாலே வழி தெரியும், அக்கா. ஒரு மார்க் 14. இரண்டு மார்க் 14 கேள்வியில் 10 எழுத வேண்டும், 28-ஆவது கட்டாயம். ஐந்து மார்க் 14-ல் 10, இதில் 42 கட்டாயம். கடைசியாக எட்டு மார்க் இரண்டு, இது அல்லது அது என்று வரும். 14, 20, 50, 16. மொத்தம் 100.

அந்த எட்டு மார்க் இரண்டில் ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். பெரிய சூத்திரம் தேவையில்லை, கை பழக வேண்டும். தினமும் ஒரு படம், ஒரு வரைபடம் என்று இரண்டு மாதம் வரைந்தால் 16 மார்க் உறுதியாகக் கையில் நிற்கும். ஒரு மார்க் கேள்விகள் பெரும்பாலும் புத்தகப் பயிற்சியின் பின்பக்கத்திலிருந்து வரும், அதில் 10 எடுப்பது கஷ்டம் இல்லை. ஆக 26. மீதி 9-க்கு இரண்டு மார்க் கேள்வியில் ஐந்து சரியாக எழுதினால் போதும். உறவுகளும் சார்புகளும், நிகழ்தகவு, அணிகள், எண்களும் தொடர்வரிசைகளும் ஆகியவற்றிலிருந்து எளிதாகப் பிடிக்கலாம்.

வரைதலில் தப்பு நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். பிள்ளைகள் உச்சிக்கோணத்தை அடிக்கோணம் என்று எண்ணி அடிப்பக்கத்தின் மேல்புறம் கோணத்தைப் போட்டுவிடுவார்கள். அங்கேயே படம் போச்சு. அடிப்பக்கம் வரைந்து, ஒரு முனையில் அதன் கீழ்ப்புறமாக உச்சிக்கோண அளவுக்கு ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்கு அதே முனையில் ஒரு செங்குத்து. பிறகு அடிப்பக்கத்தின் மையக் குத்துக்கோடு. இந்தச் செங்குத்தும் மையக் குத்துக்கோடும் சந்திக்கும் புள்ளிதான் வட்ட மையம். அங்கிருந்து அடிப்பக்க முனை வரை ஆரமாக வைத்து வட்டம் போட்டால் மறுமுனை வழியாகவும் அது போகும். போகவில்லை என்றால் எங்கேயோ பிழை, அப்போதே அழித்துவிட்டுத் திரும்ப வரையலாம். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து நடுக்கோட்டின் அளவுக்கு வட்டத்தில் வில் வெட்டினால் மூன்றாவது முனை. உதவிப்படத்தை விடக் கூடாது, அதற்கும் மார்க் உண்டு.

வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பது, அச்சுகளுக்குப் பெயர் போடாதது, இருபடிச் சமன்பாட்டின் வளைவரையை ஸ்கேல் வைத்துக் கோடுகோடாக இணைப்பது, இந்த மூன்றில்தான் மார்க் உதிர்கிறது. வளைவரையைக் கையால் வழவழவென்று போட வேண்டும். நேர் மாறுபாடு, எதிர் மாறுபாடு என்றால் கேட்ட மதிப்பை வரைபடத்திலேயே கோடு இழுத்துக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் வராது.

பிளஸ் டூ கணக்கில் 20 ஒரு மார்க், ஏழு இரண்டு மார்க், ஏழு மூன்று மார்க், ஏழு ஐந்து மார்க், மொத்தம் 90. அங்கேயும் அந்த 20-தான் முதல் பிடி.

பள்ளத்தூர் வேதியியல்:

ஒரு மார்க் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறியீடு, விடை இரண்டையும் எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கும். குறியீடு மட்டும் எழுதுவது, குறியீடு ஒன்று விடை வேறொன்று என்று எழுதுவது, இரண்டுமே மார்க்கைத் தின்னும்.

காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்துவிடுவார்கள். 10 நிமிடம் வாசிக்க, 5 நிமிடம் முகப்புத் தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து 1.15 வரை எழுத. முகப்புத் தாள் விடைத்தாளோடு தைத்தே வரும். புகைப்படம், பெயர், பதிவெண், பாடம், பயிற்று மொழி எல்லாம் அச்சாகியிருக்கும். தன்னுடையதுதானா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வேறொரு பாடத்தின் அல்லது வேறொருவரின் தாள் கைக்கு வந்திருந்தால் அப்போதே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். விடைகளுக்கு நடுவே எங்கும் பதிவெண்ணோ பெயரோ எழுதக் கூடாது. நீலம் அல்லது கறுப்பு, ஏதாவது ஒரு மை. ஸ்கெட்ச் பேனா, கலர் பேனா வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள். தேர்வு சரியாக எழுதவில்லை என்ற மனக்கஷ்டத்தில் எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. அது ஒழுங்கீனமாகக் கருதப்படும். முடிவை நிறுத்தி வைப்பார்கள், அடுத்த இரண்டு பருவத் தேர்வுகளும் எழுத முடியாது. அடிக்காமல் விட்டிருந்தால் ஃபெயில் ஆனாலும் ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு எழுதி அந்த வருஷமே கல்லூரிக்குப் போயிருக்கலாம்.

செக்காலை அருணா:

கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, கை நடுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு என்ன சலுகை உண்டு என்று பெற்றோருக்கே தெரிவதில்லை. சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், தரைத்தளத்தில் அறை, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் குறைபாட்டின் தன்மைக்கேற்பக் கிடைக்கும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கும் இது உண்டு. ஹெச்.எம்-மைப் பார்த்து வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்காது. மருத்துவக் குழுச் சான்றோடு விண்ணப்பம் பள்ளி வழியாகப் போய், தேர்வுத் துறையின் அனுமதி ஆணை வர வேண்டும். அந்தச் சலுகை ஹால் டிக்கெட்டில் இடம்பெற வேண்டும். அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் ஆணை வந்து சேர நேரம் போதாது. ஜூலையிலேயே தொடங்குங்கள்.

2025 பத்தாவது தேர்வில் 98.31 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம் சிவகங்கை மாவட்டம். ரொம்பப் பெருமை. அந்த எண்ணுக்குள் வராமல் போன பிள்ளைகளில், முறையான உதவி கிடைத்திருந்தால் தேறியிருக்கக் கூடியவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

கோட்டையூர் தம்பி:

தனித்தேர்வராகப் பத்தாவது எழுத நினைப்பவர்களுக்கு?

தேவகோட்டை ரஸ்தா:

அறிவியல் செய்முறைதான் அங்கே கண்ணி, தம்பி. எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது. அதற்கு முன்பே செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகை காட்டினால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். அந்தப் பதிவுக்கான அறிவிப்பு எழுத்துத் தேர்வு அறிவிப்புக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே வந்து போய்விடும். எழுத்துத் தேர்வு விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் பதிய வேண்டும். கடைசித் தேதியை விட்டால் தட்கல் உண்டு, அதற்குக் கூடுதல் கட்டணம்.

செக்காலை அருணா:

பாஸ் ஆன பிறகு பள்ளியிலிருந்து என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் யாராவது எழுதுங்கள். டிசி, மார்க் ஷீட் இரண்டையும் வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

நல்ல கேள்வி, அம்மா. டிசி, நன்னடத்தைச் சான்று, மதிப்பெண் சான்றிதழ் இவை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னும் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. இதற்கெல்லாம் அந்தச் சான்றுதான் ஆதாரம். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். நம் பக்கம் இதில் ஒரு குழப்பம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று அறக்கட்டளைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இங்கே நிறைய. சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 7.5 ஒதுக்கீட்டுக்கு உதவிபெறும் பள்ளி செல்லாது. எட்டாவது வரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் பயனில்லை. ஆறாவதில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

இரண்டாவது, தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கல்லூரிப் படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். ஆரம்பப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் ஹெச்.எம். கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துப் போனால் அந்தத் தொடக்கப் பள்ளி மூடியிருக்கலாம், பதிவேடு வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். நாமினல் ரோலில் பயிற்று மொழியைப் பாருங்கள் என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

பள்ளத்தூர் வேதியியல்:

பாஸ் ஆனால் போதும் என்று இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. பொறியியல் கலந்தாய்வில் சேர 35, 35 என்று எடுத்தால் வழி இல்லை. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும். கட் ஆஃப் கணக்கில் கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி, மொத்தம் 200. காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1952-லிருந்து நடக்கிற கல்லூரி. வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கும் அந்த இடத்தைக் குறி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

புதுவயல் வள்ளி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மார்க் எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்தால் என்ன செய்வது? நேராக மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?

கல்லல் கணக்கு:

முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள், அக்கா. அண்மை ஆண்டுகளில் பிளஸ் டூவுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய். நகல் கைக்கு வந்த பிறகுதான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும், அதற்குப் பாடத்துக்கு 505. மறுகூட்டல் மட்டும் என்றால் உயிரியலுக்கு 305, மற்றவற்றுக்கு 205. நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ரிசல்ட் வந்த வாரமே பள்ளியில் கேளுங்கள்.

நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் கொடுத்து விடைக்குறிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு விடை திருத்தப்படாமல் விடுபட்டிருக்கிறதா, உள்ளே போட்ட மார்க் எல்லாம் முன்பக்கத்துக்கு ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா. விடுபட்டதும் கூட்டலும்தான் பிரச்சினை என்றால் மறுகூட்டலே போதும், 505 கட்ட வேண்டாம். ஆசிரியர் பார்த்து, போட்ட மார்க்கே குறைவு என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் மறுமதிப்பீடு. அதில் மார்க் கூடலாம், குறையவும் செய்யலாம், வந்ததுதான் இறுதி. 35-ல் பாஸ் ஆகியிருக்கும் பிள்ளை மறுமதிப்பீட்டுக்குப் போகும் முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

ஃபெயில் என்று வந்திருந்தால் மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். துணைத் தேர்வுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டுவிடுங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஓடும். தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும், இன்டர்னலும் பிராக்டிகலும் பழைய மார்க்கே நிற்கும். நீங்கள் முதலில் கேட்ட பையன் மாதிரி இன்டர்னல் 8 என்றால் துணைத் தேர்விலும் 27-தான்.